காசிமேட்டுப் போட் சாமான் கடையில் கிளைடருக்கு ஒரு அவசரப் பை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடை நல்ல கடை. கிளைடர் ஓட்டுகிறவன் ஓடுதளம் எட்டாமல் யாருடைய வயலிலாவது இறங்கிவிட்டால் அன்றைக்குத் தேவைப்படுகிற சாமான்களில் பாதிக்கு மேல் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு போட் சாமான் கடையிலேயே கிடைத்துவிட்டது. மீதியைப் பாரிமுனைப் பக்கம் முடித்துக்கொண்டேன். ஆன்லைனில் 'சர்வைவல் கிட்' என்று கறுப்புப் பையில் போட்டு விற்கிறார்களே, அதை மட்டும் வாங்காதீர்கள். அதையும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் தண்டையார்பேட்டை. வேலை ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ். வார இறுதியில் அங்கே ஒரு கிளப்பில் கிளைடர் ஓட்டுகிறேன். நான் ஓட்டுவதில் இன்ஜின் கிடையாது. வெயிலில் தரை சூடாகி மேலே எழும்புகிற காற்றில் வட்டம் போட்டு உயரம் சேர்த்து, அந்த உயரத்தைச் செலவழித்துத் தூரம் போவதுதான் ஆட்டமே. சாயங்காலம் அந்தக் காற்று திடீரென்று அடங்கிவிட்டாலோ, நடுவில் மேகம் வந்து வெயிலை மறைத்துவிட்டாலோ, கீழே இருப்பதில் நல்ல வயலாகப் பார்த்து இறங்கிவிட வேண்டியதுதான். இதை விபத்து என்று யாரும் நினைப்பதில்லை. இறங்கிய பிறகு கிளப்பிலிருந்து யாராவது டிரெய்லரை இழுத்துக்கொண்டு வருவார்கள், சிறகுகளைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போவோம், அவ்வளவுதான். ஆனால் அந்த டிரெய்லர் வந்து சேர இரண்டு மணி நேரமும் ஆகும், விடியவும் விடியும். உள்நாட்டுக் கோடையில் 40 டிகிரி அங்கே சர்வசாதாரணம், பக்கத்து வீடு என்பது பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும், போனில் சிக்னல் இருக்காது. பைக்குள் என்ன வைக்க வேண்டும் என்பதை இந்தக் காத்திருப்புதான் முடிவு செய்கிறது. காட்டில் முயல் பிடித்துச் சுட்டுத் தின்பதற்கான பை இல்லை அது.

அந்த ஆன்லைன் பையில் என்ன இருந்தது தெரியுமா? தூண்டில் முள், சின்னதாக ஒரு கம்பி ரம்பம், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு திசைகாட்டி, தீப்பொறி எழுப்ப ஒரு கல், கண்ணாடி உடைக்கும் பேனா, பாம்பு கடித்தால் விஷம் உறிஞ்ச ஒரு பம்பு. தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. கயிறு என்ற பெயரில் கையில் கட்டிக்கொள்ளும் பின்னல் வளையம் ஒன்று. உறிஞ்சும் பம்பு வேலைக்கு ஆகாது என்பதை மருத்துவர்கள் எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், கடித்த இடத்தை இன்னும் புண்ணாக்குவதுதான் அதனால் ஆகிற காரியம். தீக்கல்லை விடுங்கள், ஆஸ்திரேலியக் கோடையில் அறுவடை முடிந்த காய்ந்த தாளுக்கு நடுவே நின்றுகொண்டு தீ மூட்டுகிறவனை ஊர்க்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். வெளியே நெருப்பே கூடாது என்று அரசாங்கம் தடை போடுகிற நாட்கள் அங்கே நிறைய.

சரி, கடைக்கு வருவோம். என்னைக் கூட்டிப்போனது சித்தப்பா. விசைப்படகில் டிரைவராக இருந்தவர், இப்போது கரையோடு சரி. கடை வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வாசலில் ஆரஞ்சு மிதவைகளைச் சரம் சரமாகத் தொங்கவிட்டிருப்பார்கள், உள்ளே போனால் நைலான் வாசனையும் கிரீஸ் வாசனையும் கலந்து அடிக்கும், கயிற்றுச் சுருள்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். கல்லாவில் இருந்த அண்ணன் சித்தப்பாவைப் பார்த்ததும் டீ சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்து, "இன்னா போட்டு தம்பி? ஃபைபரா, லாஞ்சா?"

"போட்டு இல்லண்ணே. கிளைடர். இன்ஜின் இல்லாத பிளேன்."

"இன்ஜினே இல்லியா? அப்போ நின்னு போச்சுன்னா?"

"நிக்காதுண்ணே, எறங்கிடும். எவன் வயல்லயாவது."

ஒரு நிமிஷம் யோசித்தார். "ராத்திரி ஆயிடுச்சின்னா எப்டி கண்டுபுடிப்பாங்க?" என்று கேட்டுக்கொண்டே எழுந்துபோய் ஒரு டப்பாவை எடுத்துவந்தார். கடலில் விட்ட வலை இருட்டில் எங்கே கிடக்கிறது என்று தெரிய அதில் கட்டிவிடுகிற மினுக்கு விளக்குகள். கட்டைவிரல் தடிமன்தான் இருக்கும், உள்ளே பேட்டரி, உப்புத் தண்ணீரில் ஊறினாலும் ஒன்றும் ஆகாது, இருட்டினால் தானாக மினுக்க ஆரம்பிக்கும். இதை கிளைடரின் வால் உச்சியில் கட்டிவிட்டால் டிரெய்லர் ஓட்டி வருகிறவனுக்குத் தூரத்திலிருந்தே தெரியும். கிளப்பில் இதுவரை யாரும் செய்து நான் பார்த்ததில்லை, எல்லோரும் செல்போன் டார்ச்சை ஆட்டிக்கொண்டு ரோட்டோரம் நிற்பார்கள். நான் கேட்காமலே அவர் எடுத்துக் கொடுத்த சாமான் இது, அந்த ஒரு கேள்விக்கே கடைக்கு முழு மார்க் போடலாம். விமானச் சாமான் விற்கிற கடைக்காரர் யாரும் என்னிடம் ராத்திரி ஆகிவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டதில்லை. கடலுக்குப் போன போட்டு சாயங்காலம் திரும்பாவிட்டால் என்ன செய்வது என்பதை வைத்துத்தான் இங்கே இருக்கிற சாமான் ஒவ்வொன்றும் அலமாரிக்கு வந்திருக்கிறது. கிளைடர்காரனுக்கும் அதே கவலைதான்.

கயிறு. இதற்குத்தான் முக்கியமாகப் போனேன். வயலில் இறங்கிய கிளைடருக்குப் பெரிய எதிரி காற்று. சிறகு நீளம், உடம்பு லேசு, ஒரு புழுதிச் சுழல் வந்தால் அப்படியே தூக்கிப் புரட்டிவிடும். காற்று வருகிற பக்கத்துச் சிறகைத் தரையில் சாய்த்து அதன் நுனியில் பாரம் வைக்க வேண்டும், இருட்டும்வரை ஆள் வராது என்றால் இரண்டு சிறகையும் வாலையும் தரையோடு கட்டிவிட வேண்டும். அண்ணன் முதலில் பாலிபுரொப்பிலீன் கயிறு காட்டினார், நீலமும் பச்சையுமாகப் பளபளவென்று இருக்குமே அதுதான், விலை குறைவு, தண்ணீரில் மிதக்கும். எனக்கு மிதக்க வேண்டியதில்லை, வெயிலில் கிடந்தால் சீக்கிரம் பொடிந்துபோகும், முடிச்சும் நழுவும். நைலான் கேட்டேன். நைலான் கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும், காற்று சட்டென்று உதைக்கும்போது அந்த உதை முழுவதும் தரையில் அடித்த முளையில் போய் விழாது. 8 மில்லிமீட்டர் தடிமனில் 20 மீட்டர் வாங்கினேன். மீட்டர் கணக்கு எனக்குத்தான், அவர் தராசில் போட்டு கிலோ கணக்கில் விலை சொன்னார். வெட்டிக் கொடுத்த விதம்தான் பார்க்க அழகு: சூடு பண்ணிய தகட்டில் கயிற்றை வைத்து அழுத்த, அது அறுந்த கையோடு முனை உருகிக் கொதித்தது, அதைக் கிளிஞ்சலின் முதுகில் வைத்து ஒரு உருட்டு, முனை கறுத்துக் கெட்டியாக மூடிக்கொண்டது. இனி அது பிரியாது. நான்கு துண்டு, எட்டு முனை, எல்லாவற்றுக்கும் இதே பொறுமை.

தார்ப்பாயில் ஆரஞ்சு நிறத்தில் மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர் ஒன்று எடுத்தேன். நிழலுக்கு அது, விரித்தால் மேலிருந்து பார்க்கிறவனுக்கு அடையாளமும் அது. கேனப்பி மேல் போட மட்டும் இது வேண்டாம், அதற்கு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் வாங்கிய வெள்ளைப் பருத்தித் துணி வேறாக வைத்திருக்கிறேன். கேனப்பி என்பது உட்காரும் இடத்துக்கு மேலே இருக்கிற வளைந்த கண்ணாடி மூடி. அதைத் திறந்தபடி வெயிலில் விட்டால் லென்ஸ் மாதிரி வெயிலைக் குவித்து உள்ளே சீட்டைப் பொசுக்கிவிடும். மூடி, துணி போட்டு, அப்புறம் மற்ற வேலை.

லைஃப் ஜாக்கெட்டில் வருகிற விசில் தனியாகவும் விற்கிறார்கள், உள்ளே உருண்டை இல்லாத ரகம், ஈரமானாலும் அடைக்காது. இரண்டு வாங்கினேன். ஆபத்தில் அடையாளம் காட்டக் கொளுத்திக் கையில் பிடிக்கிற தீச்சுடரும் வேண்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றுவிட்டேன். காய்ந்த வயலுக்கு ஆகாது, அதோடு பயணிகள் விமானத்தில் எந்தப் பெட்டியிலும் அதை ஏற்ற விடமாட்டார்கள்.

இங்கே ஒரு விஷயம் சித்தப்பா எடுத்துக் கொடுத்தது, பைக்குள் வைக்கிற எந்தச் சாமானையும்விட இது முக்கியம். இடத்தை எப்படிச் சொல்வாய் என்று கேட்டார். ஜிபிஎஸ் எண்ணைப் படித்துச் சொல்வேன் என்றேன். "டிகிரி மினிட்டா, டிகிரி புள்ளியா?" என்றார். போட்டில் எல்லாம் டிகிரி, மினிட். செல்போன் மேப்பில் டிகிரிக்குப் புள்ளி வைத்து வரும். 33 டிகிரி 30 மினிட் என்று இருப்பதை ஒருவன் அவசரத்தில் 33.30 என்று எழுதிக்கொண்டால், அந்த 33.30 உண்மையில் 33 டிகிரி 18 மினிட். வித்தியாசம் 12 மினிட், அதாவது 12 கடல் மைல், ஏறக்குறைய 22 கிலோமீட்டர். டிரெய்லர் இன்னொரு ஊரில் போய் நிற்கும். ஆகவே எந்த முறையில் சொல்கிறோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், கேட்டவனைத் திரும்பப் படிக்கச் சொல்ல வேண்டும். இதை ஒரு அட்டையில் எழுதி, பக்கத்து ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போட்டு வைத்துவிட்டேன். அதே அட்டையின் பின்பக்கம் தேடி வருகிற விமானத்துக்குத் தரையில் காட்டும் குறிகள்: உதவி வேண்டும் என்றால் வி, மருத்துவ உதவி என்றால் எக்ஸ், ஆமாம் என்றால் ஒய், இல்லை என்றால் என், நடந்து போய்விட்டால் போன திசைக்கு ஓர் அம்புக்குறி. உலகம் முழுக்க இதே குறிகள்தான். இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது, ஆஸ்திரேலிய விவசாயிகள் வண்டியில் வைத்திருக்கிற சிபி ரேடியோவின் அவசரச் சானல் 5 என்பதையும் எழுதினேன்.

கடையில் இஸ்ரோவின் டிஏடி பற்றியும் பேச்சு வந்தது. மீனவர்களுக்காக 2010 முதல் புழக்கத்தில் இருக்கிற ஆபத்து அறிவிப்புக் கருவி, பட்டனை அழுத்தினால் போட்டு எங்கே இருக்கிறது என்பது சாட்டிலைட் வழியாகப் போய்ச் சேரும். 2024-இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில், செய்தி கிடைத்தது என்ற பதிலும் போட்டுக்குத் திரும்பி வருகிறது. கிளைடரில் நான் வைத்திருக்கும் பிஎல்பி, அதாவது ஆபத்தில் சாட்டிலைட்டைக் கூப்பிடுகிற கையடக்கக் கருவி, 406 மெகாஹெர்ட்ஸில் கத்தும், குறைந்தது 24 மணி நேரம் கத்தும், ஆனால் யாராவது கேட்டார்களா என்று அது என்னிடம் சொல்லாது. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

பிஎல்பியை நீங்கள் ஓட்டுகிற நாட்டில்தான் வாங்கிப் பதிய வேண்டும். ஆஸ்திரேலியாவில் பதிவு இலவசம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சாட்டிலைட் வழியாக மெசேஜ் அனுப்புகிற கைக்கருவிகளை மட்டும் ஊருக்கு வரும்போது தயவுசெய்து கொண்டுவராதீர்கள். அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போனோ அந்த மாதிரிக் கருவியோ வைத்திருப்பது இந்தியாவில் சட்டப்படி குற்றம், விமான நிலையத்திலேயே வெளிநாட்டுக்காரர்கள் மாட்டியிருக்கிறார்கள்.

முளைகளுக்குப் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறை. திருகிப் புதைக்கிற மாதிரி சுருள் வைத்து மூன்று, நேராக அடிக்கிற கம்பி முளை மூன்று. உழுத மண்ணில் நேர்க்கம்பி உருவிக்கொண்டு வந்துவிடும், காய்ந்து இறுகிய களிமண்ணில் திருகு முளை இறங்கவே இறங்காது, எந்த மண்ணில் இறங்குவோம் என்பது நம் கையிலா இருக்கிறது? வேலை சுத்தம். ஆனால் பட்டறைக்காரர் சொன்ன நாளில் தரவில்லை, "நாளைக்கு வா நைனா" என்பதை நிறையக் கேட்டாகிவிட்டது. கனம்தான் இதில் இருக்கிற தொல்லை. இரும்பு முளை தலைக்குப் பின்னால் சும்மா கிடந்தால் முரட்டு இறக்கத்தில் பிடரிக்கு வரும். பையோடு சேர்த்துக் கட்டி, சாமான் வைக்கிற இடத்தில் கொக்கியில் மாட்டி, கிளைடரின் கையேட்டில் அந்த இடத்துக்குச் சொல்லியிருக்கிற எடைக்குள் இருக்கிறதா என்று பார்க்காமல் வைக்கவே கூடாது.

இதைத் தொட்டு இன்னொன்று. எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுப் பின்னால் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. முரட்டு இறக்கத்தில் கிளைடர்காரனுக்கு அடிபடுவது பெரும்பாலும் முதுகெலும்பு. முதுகில் வலி என்றால் அசையாமல் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும், திரும்பிப் பின்னால் கையை விட்டுப் பையை எடுக்கிற பேச்சே இல்லை. பாராசூட்டில் குதிக்க நேர்ந்தாலோ பை கிளைடரோடு போய்விடும். அதனால் பிஎல்பி, விசில், போன், ஒரு சின்னத் தண்ணீர்ப் பை, அந்த அட்டை, இவை உடம்பில். கயிறு, முளை, தார்ப்பாய், மருந்து, மீதித் தண்ணீர் பின்னால். காசிமேட்டுக் கடையில் போட்டுக்காரர்கள் செல்போன் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்கிற தண்ணீர் புகாத உறை கிடைக்கிறது, அதற்குள் அட்டையும் போனும் சேர்ந்து உட்கார்ந்துவிட்டன.

மருந்துச் சாமானுக்கு நைனியப்ப நாயக்கன் தெரு. சர்ஜிக்கல் கடைகள் வரிசையாக இருக்கும், மொத்த வியாபாரத் தெரு என்பதால் இரண்டு பேண்டேஜ் கேட்டால் முகம் சுளிக்கிற கடையும் உண்டு. எனக்கு வேண்டியது 15 சென்டிமீட்டர் அகல எலாஸ்டிக் பேண்டேஜ், மெலிந்த கிரேப் இல்லை, நன்றாக இழுபட்டுப் பிடிக்கிற ரகம். ஆஸ்திரேலியப் பாம்பு கடித்தால் அங்கே சொல்லித்தருகிற முதலுதவி, கடிபட்ட கையையோ காலையோ முழுக்க இறுக்கமாகச் சுற்றி, மட்டை வைத்துக் கட்டி, அசையாமல் கிடப்பது. கடிவாயைக் கழுவக்கூட வேண்டாம் என்பார்கள். அப்படியே இதை நம் ஊருக்குக் கொண்டுவராதீர்கள், இங்கே விரியன் கடிக்கு இறுக்கிக் கட்டுவது கடித்த இடத்தையே கெடுத்துவிடலாம், கையைக் காலை ஆட்டாமல் நேராக ஆஸ்பத்திரிதான். ஓஆர்எஸ் பொடியும் அங்கேயே வாங்கினேன், ஒரு லிட்டருக்குக் கரைக்கிற 20.5 கிராம் கலவை, உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு என்று அச்சிட்டிருக்கும். அட்டைப்பெட்டியில் வருகிற சர்க்கரைத் தண்ணீர் வேறு. அதன்மேல் ஓஆர்எஸ் என்று போடக்கூடாது என்று 2025-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டிருக்கிறது.

தண்ணீரைப் பற்றி வீட்டில் ஒரு கேள்வி வந்தது: சிறகிலேயே தண்ணீர் நிரப்புவாயே, அதைக் குடிக்கலாமே? வேகத்துக்காகப் பாரம் ஏற்ற நூறு லிட்டருக்கு மேல்கூட நிரப்புவோம், உண்மை. ஆனால் இறங்கும் முன் அதைத் திறந்து கொட்டிவிட வேண்டும், வயலில் அந்தப் பாரத்தோடு இறங்கினால் கிளைடர் தாங்காது. குடிக்கிற தண்ணீர் தனி. அதிலும் பறக்கும்போது குடிப்பது ஒரு கணக்கு, இறங்கிய பிறகு குடிப்பது இன்னொரு கணக்கு. இரண்டாவதை மேலே இருக்கும்போது தொடக்கூடாது.

தலையில் மாட்டுகிற டார்ச்சுக்குப் பாரிமுனைப் பக்கம் ஒரு கடை. தண்ணீர் புகாது என்று ஒட்டியிருந்தார்கள், வீட்டில் பக்கெட்டில் போட்டதும் உள்ளே ஆவி கட்டிவிட்டது. மாற்றித் தரச் சொன்னால் "தண்ணில எதுக்கு சார் போட்டீங்க?" என்றார். கடைசியில் அதையும் காசிமேட்டு அண்ணனிடமே வாங்கினேன், கொஞ்சம் விலை அதிகம், கனமும் அதிகம், ஆனால் ஐஸ் பெட்டிக்குள் விழுந்தாலும் எரிகிற ரகம். பர்மா பஜாரில் ஒரு பழைய சிடி கிடைக்குமா என்று தேடினேன், தேடி வருகிற விமானத்தின் பக்கம் வெயிலைத் திருப்பியடிக்க நல்ல கண்ணாடி, நடுவிலுள்ள ஓட்டை வழியாகக் குறிபார்க்கவும் வசதி. ஒரு காலத்தில் சிடியை மலை மலையாகக் குவித்து விற்ற இடம், இப்போது மருந்துக்கு ஒன்று இல்லை. வீட்டுப் பரணில் கிடைத்தது, அக்காவின் கல்யாண சிடி. காப்பி எடுத்துவிட்டுத்தான் கேட்டேன், இருந்தும் இன்னும் திட்டுகிறாள்.

ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு: தேங்காய் நார்க் கயிறு, மரக் கைப்பிடி, கடலை மிட்டாய், எதுவானாலும் அங்கே இறங்கும்போது படிவத்தில் எழுதிக் காட்ட வேண்டும், மறைத்தால் அபராதம். நைலானும் புது இரும்பும் என்றால் தொல்லை இல்லை. முளையும் கத்தியும் பெரிய பெட்டியில், பவர் பேங்க் கைப்பையில்.

காசிமேட்டுக் கடையில் குறை இல்லாமல் இல்லை. விலைப்பட்டியல் கிடையாது, தெரிந்தவர் கூட வந்தால் ஒரு விலை, தனியாகப் போனால் வேறு விலை என்பதுதான் என் சந்தேகம். பில் கேட்டால்தான் தருவார்கள். ஆரஞ்சுத் தார்ப்பாய் எப்போதும் இருக்காது, நீலம்தான் இருக்கும், நீலத்தை எடுத்துப் போங்கள் என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள், எடுக்காதீர்கள். ஞாயிறு காலை மீன் வாங்க வருகிற கூட்டத்தில் வண்டியே நுழையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், போட்டெல்லாம் கரையில் நின்று பழுது பார்த்துக்கொண்டிருக்கும், கடையில் அப்போது கயிறுக்கும் வலைக்கும் கூட்டம் நெரியும், உங்கள் 20 மீட்டரைக் காது கொடுத்துக் கேட்க ஆள் இருக்காது. வேறு மாதத்தில், வார நாளில், பகல் பதினோரு மணிக்கு மேல் போங்கள். ஜிபே உண்டு. வெட்டிய கயிற்றைத் திருப்பி எடுக்கமாட்டார்கள், அளவை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போய்விடுங்கள்.